சுண்ணாம்பு படாத கல்லறை

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவார்கள், திரும்பும்போது தெப்பக்குளத்தைச் சுற்றி எதையாவது வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். கில்லேதார் கல்லறையைப் பார்க்கவென்றே கிளம்பி வந்தவர்களை நான் இருபது வருஷத்தில் இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடுவேன். மற்றபடி அங்கே நுழைகிறவர்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்க வருகிறவர்கள், காதலிக்க வருகிறவர்கள், நத்தர் தர்கா இதுதானா என்று வழி தவறி வருகிறவர்கள். எல்லோரையும் ஒரே கடுமையோடு வரவேற்பவர் அற்புதசாமி. அந்தக் கல்லறையின் காவல்காரர்.

நான் ரங்கநாதன். உறையூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து கல்லறைக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை திறக்கிறவன். பாலக்கரைக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் நடுவில் உள்ள சந்து அது. காலை ஒன்பது மணி வரை லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும். அவை போன பிறகு வெங்காயச் சருகு பறக்கும். அதற்கு நடுவே எட்டுப் பட்டையாக, உருண்டைக் கூரையோடு ஒரு கட்டடம். நவாபு காலத்தில் கோட்டையைக் காத்த தலைவர் ஒருவருக்கு எழுப்பியது. கில்லேதார் என்பது அவர் பேரல்ல, உத்தியோகம். பேர் யாருக்கும் தெரியாது. அவர் காத்த கோட்டையும் இப்போது இல்லை, மெயின்கார்டு கேட் என்று ஒரு வாசல் மட்டும் மிச்சம். கோட்டையைக் காத்தவரை அற்புதசாமி காக்கிறார், அவ்வளவுதான் இன்றைய நிலவரம்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஒரு லோடு செங்கல்லில் ஆரம்பித்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு மேல் ஒரு மாடி எழுப்பலாம் என்று செங்கல் இறக்கினேன். அன்று மத்தியானமே மனிதர் கையில் டேப்போடு வந்து, கல்லறைச் சுவரிலிருந்து என் ஷட்டர் வரைக்கும் அளந்தார்.

"பதினோரு மீட்டர் சார். நூறு மீட்டருக்குள்ள புதுசா ஒரு செங்கல் வைக்கக் கூடாது. சட்டம்."

"என் கடை மேல நான் கட்டுறேன். உங்க கில்லேதாருக்கு என்ன போச்சு?"

"அவரு வந்து கேக்க மாட்டாருங்க. அதனாலதான் நான் கேக்குறேன்."

மாடி எழும்பவில்லை. செங்கல்லை மச்சான் தலையில் கட்டினேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு எத்தனை நாளைக்கு வெங்காயச் சருகைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் டீ வந்தது, பேச்சும் வந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் அங்கங்கே எனக்குக் கொஞ்சம் குஷி தெரிந்தால் அதற்கு அந்தச் செங்கல்தான் காரணம்.

அற்புதசாமிக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. முப்பத்தொன்றில் புல் வெட்ட வந்தார். வந்த புதிதில் தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, பழைய கட்டடத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அரை நாள் பாடம் எடுத்தாராம். அதிகாரி மறுநாளே மறந்திருப்பார். அற்புதசாமி மறக்கவில்லை. கோயிலில் கர்த்தர் கொடுத்தது பத்துக் கட்டளை, இங்கே அதிகாரி கொடுத்தது மூன்று. சுண்ணாம்பு அடிக்காதே, பழைய காரை மூச்சு விட வேண்டும். மெழுகோ எண்ணெயோ பூவோ கல்லின் மேல் தங்க விடாதே, கறை பிடிக்கும். யாரையும் பேர் எழுத விடாதே.

பத்துக் கட்டளையில் ஒன்றிரண்டு அவர் கையில் வளைந்ததுண்டு. மூன்றில் ஒன்றுகூட வளைந்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். வியாழக்கிழமைகளில் யாராவது இதையும் தர்கா என்று நினைத்துப் படியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். அவர்கள் சந்து முனை திரும்புவதற்குள் சட்டைப் பையிலிருந்து பிளேடு வெளியே வந்துவிடும். ஒரு முனையில் துணி சுற்றிய மழுங்கல் பிளேடு. அதை வைத்து மெழுகை ஒரு பொட்டு விடாமல் சுரண்டிவிடுவார். பேர் எழுதுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆணியால் ஒரு பேர், நடுவில் கூட்டல் குறி, பக்கத்தில் இன்னொரு பேர், இதுதான் அந்தச் சுவரில் எல்லோரும் எழுதும் பாஷை. கையும் களவுமாகப் பிடிபட்டால் இரண்டு பேரையும் வெயிலில் நிற்க வைத்துக் கேட்பார்.

"ரெண்டு வருஷம் ஜெயிலு, தெரியுமா? செத்தவரு வீட்டுச் சுவத்துல ஒங்களுக்கு என்ன வேலை? ஒருத்தர் பேர ஒருத்தர் மனசுல எழுதிக்கங்க, போங்க."

அவர்கள் போன பிறகு துறை கொடுத்த பசையைக் குழைத்துக் கீறலை அடைப்பார். 'பிரவீன் + ஜென்சி' என்ற கீறலை மட்டும் ஒரே வருஷத்தில் நாலு தடவை அடைத்தார். கடைசித் தடவை, "இதுங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா தேவலை சார், எனக்குப் பசை மிச்சம்" என்றார்.

ஒரு முறை சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு நாள் அளந்து, படம் வரைந்து, கடைசியில் என் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும்போது போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டார். கல்லறைக்குள் ஆள் இல்லையாம். கில்லேதாரைப் புதைத்த இரண்டாம் வருஷமே அவர் சொந்தக்காரர்கள் எலும்புகளை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாக ஏதோ பழைய கடிதத்தில் இருக்கிறதாம். எனக்கு என் மாடி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அற்புதசாமியிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"இருந்தா என்னங்க, இல்லாட்டி என்னங்க? வீட்டுக்காரரு ஊருக்குப் போயிருந்தா வீட்டத் தொறந்து போட்டுருவோமா?"

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாக்கியமேரி அக்காவுக்குக் கலர் என்றால் உயிர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு அவரே ஏணி போட்டு வண்ணம் அடிப்பார். ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் வாடாமல்லி, பெரும்பாலும் ரோஸ். மத்தியானம் டிபன் கேரியரோடு வருவார். கல்லறை வளாகத்துக்குள் சாப்பாடு கூடாது என்று சட்டம். கட்டிய மனைவிக்கும் அதே சட்டம்தான். அதனால் புருஷன் பெண்டாட்டி இருவரும் என் கடைப் படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே எதிரே பார்த்து அக்கா சீண்டுவார்.

"ஒரு ரோஸ் கலர் அடிச்சா கல்யாண மண்டபம் கணக்கா இருக்கும். இந்த மனுசன் அழுக்கக் கட்டிக்கிட்டு அழுவுறாரு."

"அது அழுக்கு இல்ல, வயசு."

"எனக்கும்தான் வயசாவுது. நான் பவுடர் போடல?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாலு நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. பங்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில், ஒரு வேப்பமரத்து ஓரமாக ஆறடி கிடைத்தது. அற்புதசாமிக்கு இந்த உலகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்ததே அந்த ஆறடிதான். குடியிருந்தது வாடகை வீடு, காத்தது கில்லேதார் வீடு.

அந்த ஆறடியை அவர் தனக்குத் தெரிந்த வழியில் பார்த்துக்கொண்டார். கொத்தனார் சிமெண்டு குழைத்தபோது தடுத்து, சுண்ணாம்புக் காரைதான் என்று அடம்பிடித்துப் பூச வைத்தார். அதன் மேல் வெள்ளையடிக்க விடவில்லை, காரை மூச்சு விட வேண்டுமே. சிலுவையில் பேர் எழுதிய தகரம் ஒன்று இருந்தது. அது துருப்பிடிக்க ஆரம்பித்ததும், துரு இறங்கிக் காரையைக் கெடுத்துவிடும் என்று கழற்றி, பேப்பரில் சுற்றி வீட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். துறையில் கல்வெட்டை அப்படித்தான் மியூசியத்துக்குக் கொண்டுபோவார்களாம்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள், நீலப் பெயிண்டில் பேரைப் புதுப்பிப்பார்கள். அன்று சாயங்காலம் செவ்வந்திப்பூவும் மெழுகுவத்தியுமாகத் தோட்டமே ஜொலிக்கும். பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போவார். அற்புதசாமி ஐந்தரைக்குக் கில்லேதாரைப் பூட்டிவிட்டு ஓடுவார். ஒரு மெழுகுவத்தி, ஒரு முழம் பூ. முட்டி போட்டு ஜெபம் சொல்வார், அழுவார். அழுது முடித்ததும் பிளேடை எடுப்பார். சொட்டின மெழுகைச் சுரண்டி, துணியால் துடைத்து, பூவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

"வந்துபோன சுவடே தெரியக் கூடாது. அதான் சார் பராமரிப்பு" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நான் என்னத்தைக் கண்டேன்?

போன நவம்பரில், திருநாள் முடிந்த மறுவாரம், ஆஸ்டின் என் கடைக்கு வந்தார். பங்குக் கோயிலின் கல்லறைக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர். ஏதோ ஆபீசில் வேலை, கையில் எப்போதும் ஃபைல். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பார், ஆனால் காகிதத்தில் இல்லாததை நம்ப மாட்டார். ஒரு பட்டியலும் சில ஃபோட்டோக்களும் பிரிண்ட் வேண்டும் என்றார். தலைப்பு: 'கேட்பாரற்ற கல்லறைகள்'. அற்புதசாமி அப்போது என் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி அது?"

"எடம் பத்தலண்ணே. புதுசா ஒரு ஆள வைக்க எடமில்ல. அதனால திருநாளுக்கு மறுநாள் காலையில போயி ஒவ்வொரு கல்லறையா பாத்து ஃபோட்டோ எடுத்துடுறது. மெழுகு இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். தொடர்ந்து மூணு வருஷம் மெழுகு இல்ல, பூ இல்ல, வெள்ளை அடிக்கலன்னா அதத் தொறந்து வேற குடும்பத்துக்குக் குடுத்துடுறதுன்னு தீர்மானம்."

"நல்ல காரியம்" என்றார் அற்புதசாமி. "பெத்தவங்களப் பொதச்சுட்டு எட்டிப் பாக்காத ஜென்மங்க. அதுங்களுக்கு அப்பதான் சூடு சொரணை வரும்."

மெஷினிலிருந்து ஃபோட்டோக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்றில் புதர் மண்டிக் கிடந்தது, ஒன்றில் சிலுவை சாய்ந்திருந்தது. அடுத்ததை அவரே கையில் எடுத்தார். ஏழாவது வரிசை, பத்தொன்பது.

"தம்பி, இத எதுக்குச் சேத்தீங்க? பாருங்க, ஒரு புல்லு இல்ல, ஒரு கறை இல்ல. ஒரிஜினல் காரை. எவ்வளவு பதவிசா வச்சிருக்காங்க..."

அங்கே நின்றது பேச்சு. டீ டம்ளரை வைத்துவிட்டு ஃபோட்டோவை வெளிச்சத்துக்குத் தூக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். மூலையில் முறிந்துபோன வேப்பமரத்தின் அடிக்கட்டை தெரிந்தது.

"இது மேரிதானே சார்?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்து வெட்கமாகவும் போய்விட்டது. மனிதர் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரும் அதே படி.

மறுநாள் அவரும் நானும் கோயில் ஆபீசுக்குப் போனோம். ஆஸ்டின் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினார். அடக்கப் பதிவேட்டில் பாக்கியமேரி என்ற பேர் இருந்தது. ஆனால் இடம் என்கிற கட்டத்தில் 'வேப்பமரத்து ஓரம்' என்றுதான் இருந்தது. மரம் புயலில் விழுந்துவிட்டது, வரிசை எண் போட்டது அதற்குப் பிறகு. வேப்பமரத்தைச் சுற்றி ஏழெட்டுக் கல்லறை. அற்புதசாமி பேப்பரைப் பிரித்துத் தகரத்தை மேசை மேல் வைத்தார்.

"அண்ணே, இது அந்தக் கல்லறையில இருந்துதான் எடுத்ததுன்னு எப்படிச் சொல்றது? இருந்த எடத்துலயே விட்டிருந்தீங்கன்னா பேச்சே இல்ல."

இதே வசனத்தை, பெயர்த்து எடுத்துப்போன ஒரு கல்லைப் பற்றி அற்புதசாமியே எனக்கு ஒரு மணி நேரம் பாடமாக எடுத்திருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அடுத்த ஆயுதத்தை எடுத்தார். தன் வருகைப் பதிவேட்டின் நகல்கள். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி திருச்சியில்தான் இருந்தேன், வேறெங்கும் போகவில்லை என்று காட்ட. ஆஸ்டின் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"அத்தன வருஷமும் டூட்டியில கையெழுத்து இருக்குதுண்ணே. இதப் பாத்தா அன்னைக்கு நீங்க வேற கல்லறையிலதான் இருந்திருக்கீங்க."

அற்புதசாமி எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"உள்ள ஆளே இல்லாத கல்லறைக்கு நூறு மீட்டரு காவல் காத்தேன் தம்பி. இந்த ரங்கநாதன் சார ஒரு மாடி கட்ட விடல. உள்ள என் பொண்டாட்டி இருக்கா, அவளுக்கு ஆறடி இல்லியா?"

ஆஸ்டின் ஃபைலை மூடினார். அவரும் கல் நெஞ்சக்காரர் அல்ல.

"நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியுதுண்ணே. கமிட்டிக்குத் தெரியணுமில்ல? ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பாக்குறோம். அதுக்குள்ள, பாத்த ஒடனே இங்க ஆள் இருக்குன்னு தெரியுற மாதிரி ஏதாச்சும் செஞ்சு வைங்க. வெள்ளை அடிங்க, பேரு எழுதுங்க, நாலு மெழுகுவத்தி கொளுத்துங்க. அரை நாள் வேலை."

வேறு யாருக்கும் அரை நாள் வேலைதான். அற்புதசாமிக்கோ மூன்று கட்டளையையும் ஒரே நாளில் மீறும் வேலை. அவர் மூன்று நாள் தூங்கவில்லை. காரையை அரைத்து ஆராய்ச்சிக்கு அனுப்பினால் வயது சொல்வார்களே, அதை வைத்து நிரூபிக்கலாமா என்று என்னைக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, சுண்ணாம்பு வாங்கியாச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை கில்லேதாருக்கு வார விடுமுறை. இரண்டு பேரும் வாளி, பிரஷ், மெழுகுவத்தி, செவ்வந்திப்பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நான் சுண்ணாம்பைக் கரைத்தேன். அவர் பிரஷை முக்கி எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். சொட்டுச் சொட்டாகக் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"காரை மூச்சு விடணும் சார்" என்றார் மெதுவாக.

"அண்ணே, அக்கா இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு கோட்டு அடிச்சுட்டு உங்கள வையுறதுக்கு ஆரம்பிச்சிருப்பாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ரோஸ் கலர் பொடி கெடைக்குமா சார்?"

மார்க்கெட்டுக்கு ஓடினேன். ஐம்பது வயதில் நான் அப்படி ஓடி நாளாயிற்று. பொடியைக் கலக்கியதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். ஒரு கோட்டு, காய்ந்ததும் இன்னொரு கோட்டு. வெள்ளையும் நீலமுமாக இருந்த அந்தத் தோட்டத்தில் ஏழாவது வரிசை பத்தொன்பது மட்டும் பஞ்சுமிட்டாய் கலரில் உட்கார்ந்திருந்தது. கேட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் வந்து, கேட்டிலேயே நின்று சிரித்து, அந்த எண்ணைப் பட்டியலில் அடித்துவிட்டார்கள். அது பெரிய சங்கதியில்லை. நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது.

பேர் எழுத வேண்டியிருந்தது. தகரத்தைத் திரும்ப மாட்டலாம் என்று எடுத்தால், துரு தின்று ஆணி அடித்த இடத்தில் பொடிந்துவிட்டது. பழைய ஆணி மட்டும் அவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைமாட்டில் ஆணியால் கீற ஆரம்பித்தார். 'பாக்கியமேரி' என்று எழுதினார். நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது பிடித்துவிடுவார்கள் என்பதுபோல. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார். அதற்குப் பக்கத்தில் 'அற்புதசாமி' என்று எழுதினார்.

நான் சும்மா இருக்கவில்லை. செங்கல் ஞாபகம் விடுமா?

"எத்தனை வருஷம் ஜெயிலு அண்ணே?"

"ரெண்டு" என்றார் திரும்பாமலே. "போடட்டும்." ஆணியை இன்னும் கொஞ்சம் அழுத்தி, கூட்டல் குறியை ஆழமாக்கினார்.

பூவைப் பரப்பி, நாலு மெழுகுவத்தியும் ஏற்றினோம். அவர் ஜெபம் சொன்னார், எனக்குத் தெரிந்த மாதிரி நானும் கை கூப்பினேன். காற்றில்லாத சாயங்காலம். மெழுகு உருகி, புது ரோஸ் கலரின் மேல் கோடு கோடாக இறங்கியது. ஜெபத்தை முடித்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பிளேடு வெளியே வந்து, மெழுகு வரைக்கும் போய், அதன் மேல் உட்கார்ந்தது. அவர் கையைப் பார்த்தார், மெழுகைப் பார்த்தார். பிறகு பிளேடைத் துணியோடு என் பக்கம் நீட்டினார்.

"இத நீங்க வச்சுக்கங்க சார். எங்கிட்ட இருந்தா சொரண்டிப்புடுவேன்."